மினுக்காத வெளிச்சம்

திண்டிவனம் மேம்பாலத்துக்குக் கீழே பழக்கடைகளைத் தாண்டினால் சுப்பராயலுவின் சீரியல் செட் கடை. கடை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். கோயில் திருவிழாவுக்கு ஒலிபெருக்கியும், மரச் சட்டத்தில் கலர் பல்பு பதித்துச் சாமி உருவம் காட்டும் லைட் போர்டும் வாடகைக்கு விடுகிற ஒற்றை ஷட்டர் இடம்தான். ஆடியிலும் மாசியிலும் மனுஷனைப் பிடிக்க முடியாது. மற்ற மாதங்களில் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, இப்போது பூமிக்கு மேலே யார் யார் இருக்கிறார்கள், எப்போது இறங்குவார்கள் என்று படித்துக்கொண்டிருப்பார்.

ராக்கெட் பைத்தியம் என்று ஊர் சொல்லும். அதில் அவருக்கே ஒரு திருத்தம் உண்டு. "ஆளில்லாத ராக்கெட்டு எனக்கு எதுக்குய்யா? உள்ள ஒரு மனுசன் ஒக்காந்துக்கினு போவணும். அவனுக்கு வயிறு கலக்கணும், பொண்டாட்டி நெனப்பு வரணும். அதான் கணக்கு" என்பார்.

இந்தப் பித்து ஓமந்தூரில் பிடித்தது. எண்பத்து நான்காம் வருஷம், சுப்பராயலு எட்டு வயதுப் பையன். கொல்லை நிலத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். வரப்பில் வைத்திருந்த ரேடியோ, இந்தியர் ஒருவர் முதல் முறையாக விண்வெளிக்குப் போயிருக்கிறார் என்று சொல்லிற்று. பிடுங்கின செடியைக் கையில் வைத்துக்கொண்டு பையன் வானத்தைப் பார்த்தபடி நின்றுவிட்டான். "நம்மாளு ஒருத்தன் மேல கீறானாம்பா" என்றான். "அவன் மேல இருந்தா இருக்கட்டும், இங்க யாரு புடுங்கறது?" என்று அப்பா முதுகில் ஒன்று வைத்தார். அடி வலிக்கவே இல்லை என்று சுப்பராயலு பிற்பாடு சொல்லிச் சிரிப்பார்.

சிரிப்பில்லாத நாட்களும் உண்டு. இந்தியாவில் பிறந்த பெண்ணொருத்தி ஏறிப்போன விண்வெளி ஓடம் திரும்பி வருகையில் வானத்திலேயே சிதறிப்போனபோது கடையை மூடிவிட்டார். பஸ் ஸ்டாண்டு சுவரெல்லாம் அந்தப் பெண்ணின் படம் போட்டுக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டினார். கீழே, "வருந்தும் சுப்பராயலு குடும்பத்தார்." பார்த்தவர்கள் சொந்தக்காரப் பெண் என்று நினைத்து வீட்டுக்குத் துக்கம் விசாரிக்க வந்தார்கள். மனைவி அம்சவள்ளி வந்தவர்களுக்கெல்லாம் காப்பி போட்டுக் கொடுத்தாள். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பிறகு ஒரு நாள், மேல்மலையனூர் பக்கம் ஒரு திருவிழாவுக்குச் சாரத்தில் ஏறி போர்டு கட்டிக்கொண்டிருந்தபோது அதைப் பார்த்தார். பொழுது சாய்ந்து இருட்டுக் கட்டுகிற நேரம். மேற்கிலிருந்து ஒரு வெள்ளை வெளிச்சம் எழும்பி, சத்தமில்லாமல் தலைக்கு மேலே நகர்ந்து, கிழக்கே போய் அவிந்துபோயிற்று. மனிதர்கள் தங்கியிருக்கும் விண்வெளி நிலையம். நட்சத்திரம் மாதிரி மினுக்காது. விமானம் மாதிரி சிவப்பு பச்சை அடிக்காது. அடக்கமாக, ஒரே சீராகப் போகும். அதற்குள் ஆள் இருக்கிறான் என்று நினைத்ததும் சாரத்தில் நின்றபடியே கைகூப்பினார். அன்றிலிருந்து அது கடக்கிற நாளைத் தெரிந்துகொண்டு தனியாக மொட்டை மாடிக்குப் போய் நிற்பது வழக்கமாயிற்று.

அதையே லைட் போர்டாகவும் செய்தார். இரண்டு பக்கமும் இறக்கை, நடுவில் ஓர் ஆள், எல்லாம் வெள்ளை பல்பு. விழாக் கமிட்டிக்காரர்கள் பார்த்துவிட்டு, "மினுக்காத லைட்ட எவன் பாப்பான் சுப்பராயலு?" என்றார்கள். கட்டிக்கொண்டு அழ முடியுமா? சிவப்பும் பச்சையும் போட்டு மினுக் மினுக்கென்று ஓடவிட்டார். அம்மனுக்குப் பக்கத்தில் அது வருஷக்கணக்காக மினுக்கிற்று. ஜனங்களும் பார்த்தார்கள்.

அவருக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்று. அந்த வெளிச்சத்துக்குள் நம்மாள் ஒருவன் இருக்க வேண்டும், அதைக் கீழே நின்று தன் கண்ணால் பார்க்க வேண்டும். ஆசை நியாயமானதுதான். சர்க்கரை வியாதிக்கு நியாயம் தெரியாது. புதுச்சேரியில் கண் டாக்டர் மாதம் தவறாமல் வரச் சொன்னார். இவரோ ஆடி முடியட்டும், மாசி முடியட்டும் என்று தள்ளினார். தள்ளித் தள்ளி, ஒரு கண்ணில் ரத்தம் கசிந்து போயிற்று. இன்னொன்று அதன் பின்னாலேயே போயிற்று. கடையைத் தம்பி மகன் பார்த்துக்கொண்டான். சுப்பராயலுவுக்கு மிஞ்சியது, டியூப் லைட்டுக்கு நேரே முகத்தை வைத்தால் தெரிகிற மங்கலான ஒரு பழுப்பு மட்டும்தான்.

அதற்கு மறு வருஷம், இரண்டாயிரத்து இருபத்தைந்தில், நம்மாள் ஒருவன் அந்த நிலையத்துக்குப் போனான்.

டிவியில் ராக்கெட் கிளம்புகிற இரைச்சலைக் கேட்டுக்கொண்டு சுப்பராயலு உட்கார்ந்திருந்தார். வீடே சந்தோஷப்பட்டது. அவர் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். நாற்பது வருஷம் ஒருவன் காத்திருந்த பிள்ளை, அவன் கண் அவிந்த பிறகா வந்து சேர வேண்டும்? சாமி என்று ஒன்று இருந்தால் அதற்கு வெட்கம் என்று ஒன்று இருக்க வேண்டாமா?

விழுப்புரத்தில் கட்டிக்கொடுத்த மகள் இசைவாணி போன் செய்து, எந்தெந்த சாயங்காலம் அது நம் பக்கம் கடக்கும் என்று சொன்னாள். போன நாளெல்லாம் மேகம். நம்மாள் கீழே இறங்குவதற்கு முன் ஒரே ஒரு நல்ல சாயங்காலம் மீதியிருந்தது. "நீங்க போய் நில்லுங்கப்பா. அம்மா பாத்து சொல்லும். அம்மா கண்ணுல பாத்தா நீங்க பாத்த மாதிரிதான்" என்றாள்.

அது அவருக்குப் பிடித்துப்போயிற்று. காலையிலிருந்தே பரபரத்தார். வெள்ளை வேட்டி கேட்டார். அம்சவள்ளி அடுப்பை அணைத்துவிட்டு, கையைப் பிடித்து அவரை மாடிக்கு ஏற்றிக்கொண்டு போனாள். மேற்கே மேகம் திட்டுத் திட்டாக நின்றது. இந்த மனுஷனுக்கு இதையாவது காட்டிவிட வேண்டும் என்று கழுத்து வலிக்க வலிக்க வானம் பூராவும் தேடினாள்.

"வருதுங்க!" என்று திடீரென்று கத்தினாள். "தோ வருது, நல்லா தெரியுது!"

சுப்பராயலு தலைக்கு மேலே கைகூப்பினார். முகம் அப்படி மலர்ந்து அவள் பார்த்தே பல நாளாயிற்று. "போய்ட்டு வாடா ராஜா, பத்திரமா எறங்குடா" என்றார். பிறகு, "எப்டி கீது அம்சா, சொல்லு, எப்டி போவுது?" என்று கேட்டார்.

"அழகா போவுதுங்க. செவப்பும் பச்சையுமா மினுக் மினுக்குன்னு. நீங்க போர்டுல செஞ்சிருந்தீங்களே, அச்சு அசலா அதேதான்!"

கூப்பிய கை இறங்கிற்று.

"அது பிளேனுடி."

"இல்லீங்க, நல்லா பாத்தேன்..."

"பிளேனுடி! மெட்ராஸுக்குப் போற பிளேனு! அது மினுக்காதுடி, கழுத! இத்தினி வருசம் என்னோட குடும்பம் நடத்தி, இது கூட தெரியாதா ஒனக்கு?"

அதுவரைக்கும் அவரை எதிர்த்து ஒரு சொல் பேசாதவள் அம்சவள்ளி. அவர் பக்கம் திரும்பினாள். வெடித்துவிட்டாள்.

"எப்டிய்யா தெரியும்? எப்டி தெரியும் எனக்கு? ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, அம்சா மேல வாடி, இதான் அதுன்னு காட்டியிருக்கியா நீ? செத்துப்போனவளுக்குக் கூட போஸ்டர் ஒட்டுன. உயிரோட கீழ நின்னவள கூப்புட்டியா? நான் பாத்ததெல்லாம் நீ செஞ்ச போர்டுதான்யா! அதுல மினுக்குச்சி, மினுக்குதுன்னு சொன்னேன்!"

சுப்பராயலுவுக்கு அது உறைத்தது. கூப்பிட்டிருக்கலாம். நாலைந்து நிமிஷக் காரியம். அந்த அமைதியில் இன்னொருவர் மூச்சு கேட்கக் கூடாது என்று அத்தனையையும் தனக்கே வைத்துக்கொண்டிருந்தார். கண் தெரிந்தவரையில் அது தப்பாகவே தெரியவில்லை.

"அதோ! அதோ போவுது பாரு!"

எதிர் மாடியில் சீனுவாசன் வீட்டுக்காரர்கள் கத்தினார்கள். கை தட்டினார்கள். அம்சவள்ளி பதறிப்போய்த் திரும்பினாள். சத்தம் வந்த திக்கைப் பார்த்தாள், அவர்கள் கை நீட்டின திக்கைப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் நிறைந்து வானமே கலங்கிக் கிடந்தது. சேலைத் தலைப்பால் அழுத்தித் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். ஒன்றும் பிடிபடவில்லை.

"எங்க? எங்க கீது? சொல்லு அம்சா, எந்தப் பக்கம்?" காற்றில் கையைத் துழாவிக்கொண்டு அவர் கேட்டார்.

எதிர் மாடியில் கைதட்டல் ஓய்ந்து, அவர்கள் பேசிக்கொண்டே கீழே இறங்கிப் போனார்கள்.

"போயிடுச்சிங்க" என்றாள்.

அவள் தோளைத் தொட்டதும் அவர் கையை நீட்டிக் கொடுத்தார். ஒவ்வொரு படியாகக் காலால் தடவித் தடவி இறங்கினார்கள். பாதியில் நின்றார்.

"இனிமே என்னிய மேல இட்டுக்கினு வராத" என்றார்.