பாஞ்சாலை வயிற்றில் மஞ்சள் புள்ளிகள்

விருத்தாசலத்தில் பீங்கான் ஃபியூஸ் கட்டை செய்யும் கம்பெனியில் பாஞ்சாலைக்குப் பதினெட்டு வருட வேலை. அச்சிலிருந்து வரும் ஈரக் கட்டையின் பிசிறைச் சீவித் துடைத்துச் சூளைக்கு அனுப்ப வேண்டும். ஆறு வருடத்துக்கு முன் புருஷன் மாரடைப்பில் போனபிறகு அவள் வீட்டில் எண்ணெய்ச் சட்டி அடுப்பேறியதில்லை. தனக்கும் மகள் கயல்விழிக்கும் அவித்த சாப்பாடுதான்.

ஒரு வருடமாக எரிந்த வயிற்றைத் தண்ணீர் குடித்தே சமாளித்தாள். தை மாதம் வேலையிடத்திலேயே மயங்கிச் சாய்ந்தாள். மகள் இழுக்காத குறையாகக் கடலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். தொண்டை வழியாகக் கேமராக் குழாய் விட்டுப் பார்த்தார்கள்.

டாக்டர் சண்முகப்ரியா திரையைக் காட்டினார். சிவந்த சதையில் அரிசி அளவுக்கு மூன்று மஞ்சள் புள்ளிகள்.

"கொழுப்பும்மா. இரைப்பையோட உள்தோல்ல தேங்கியிருக்கு."

பாஞ்சாலைக்குத் தூக்கிவாரிப் போட்டது. "வேற யாரு படமோ மாறிப்போச்சுங்க டாக்டர்! எங்க வூட்ல அப்பளம்கூட பொரிக்கறதில்ல!"

"நீங்க சாப்பிட்ட எண்ணெய் இல்லம்மா. ஒரு கிருமி உள்தோலை ரொம்ப நாளா அரிச்சிருக்கு. அங்க செத்துப்போற செல்லுங்களோட கொழுப்பை, துப்புரவு பண்ற செல்லுங்க முழுங்கி வெச்சிக்கும். கரைக்க முடியாம உப்பிப்போய் மஞ்சளாத் தெரியும். அதால ஆபத்தில்ல."

டாக்டர் அதோடு நிறுத்தவில்லை. "ஆனா இது இருக்கற வயித்துல வேற கெடுதலும் வளரலாம், அதனால சுத்துமுத்தும் நல்லாத் தேடுவோம். பக்கத்துல சின்னதா ஒரு பள்ளம் இருக்கு. சதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பியிருக்கேன்."

எட்டாம் நாள் முடிவு வந்தது. புற்றுநோய், ஆரம்பக் கட்டம்தான் என்றார் டாக்டர். முதல் சொல்லுக்குப் பிறகு பாஞ்சாலை காதில் எதுவும் ஏறவில்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்து வெறித்துப் பார்த்தாள்.

"வாயைக் கட்டித்தானேடி பொழைச்சேன்? எனக்கு எப்படிடி?"

கயல்விழி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

புதுச்சேரியில் வயிற்றைக் கிழிக்காமல், குழாய் வழியாகவே அந்தப் பள்ளம் இருந்த இடத்து உள்தோலை உரித்து எடுத்தார்கள். ஆழமாக இறங்கவில்லை என்று உறுதியானது. புற்றுக்கு வழிவிட்ட அந்தக் கிருமிக்குப் பதினாலு நாள் மாத்திரை. மஞ்சள் புள்ளிகளை அப்படியே விட்டுவிட்டார்கள். தவறாமல் போய்க் காட்டிவர வேண்டும்.

வேலைக்குத் திரும்பிய வாரம், பக்கத்தில் உட்கார்ந்திருந்த பூங்கோதை நெஞ்சைத் தடவித் தடவி ஏப்பம் விட்டாள்.

"எத்தினி நாளா இப்படி?"

"அது கெடக்குதுக்கா. ஆறேழு மாசமா."

பாஞ்சாலை கட்டையைக் கீழே வைத்தாள்.

"நாளைக்கு லீவு சொல்லு. கடலூர் பஸ்ஸுக்கு நானே வந்து உன்னைக் கூட்டிட்டுப் போறேன்."