மோட்டாரை அணைத்தது யார்

கேள்வி கேட்பது என் வேலை. அறிவு வளர்ச்சி குறைந்தவர்களுக்கு வயதாகும்போது மறதி நோய் எப்படி வருகிறது என்று ஓர் ஆய்வு. அதற்காகத் திருச்சியைச் சுற்றி வீடு வீடாகப் போகிறேன். மணப்பாறையில் ஓர் அம்மா, ஜீயபுரத்தில் ஓர் அண்ணன், தில்லைநகரில் ஒரு சித்தி. எல்லாரும் காபி கொடுப்பார்கள், எல்லாரும் ஒரே பதிலைச் சொல்வார்கள்: "அவன் எப்பவுமே இப்படித்தாங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எப்பவுமே இப்படித்தான் என்றால் நான் எதற்கு வெயிலில் பஸ் ஏறி வருகிறேன்? மற்றவர்களிடம் இன்று என்ன கிழமை, நூறில் ஏழு போனால் எவ்வளவு என்று கேட்டு மறதியைப் பிடித்துவிடலாம். இவர்களில் பலருக்கு அந்தக் கணக்கு என்றைக்குமே வந்ததில்லை. போன வருஷம் தானாகச் செய்ததை இந்த வருஷமும் செய்கிறாரா என்று பார்க்க வேண்டும். கூட இருப்பவர்கள்தான் அதைச் சொல்ல முடியும். அவர்களோ பாசத்தில் சட்டைப் பொத்தானைப் போட்டுவிடுவார்கள், சோற்றைப் பிசைந்து ஊட்டிவிடுவார்கள், அப்புறம் ஒன்றும் மாறவில்லை என்று சாதிப்பார்கள். "எல்லாத்தையும் நீங்களே செஞ்சுட்டா அவரால முடியுதா இல்லையான்னு எப்படிங்க தெரியும்? கொஞ்சம் பொறுத்துப் பாருங்க" என்று எத்தனை வீட்டில் சத்தம் போட்டிருக்கிறேன்! எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

சத்தம் போட எனக்குத் தகுதி இருப்பதாகவும் நினைத்துக்கொண்டிருந்தேன். என் தம்பி டவுன் சிண்ட்ரோமோடு பிறந்தவன். நாற்பத்தெட்டு வயது. அம்மா அப்பா போன பிறகு ஸ்ரீரங்கத்தில் ஒரு பிளாட்டில் அவனும் நானும்தான். அவனை வைத்துக்கொண்டிருந்தால் உன்னை யார் கட்டுவார்கள் என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். சரிதான் போங்கள் என்று விட்டுவிட்டேன். வீட்டுக்குப் போனால் பேச எனக்கு இருப்பது அவன் ஒருவன்தான்.

தம்பிக்கு ஓர் உத்தியோகம் உண்டு. சாயங்காலம் மாடிப்படிக்குக் கீழே இருக்கும் சுவிட்சைப் போட்டு, மொட்டைமாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுவான். தொட்டி வழிகிற சத்தம் கேட்டதும் அணைத்துவிட்டு, "அக்கா, ரொம்பிருச்சு!" என்று தெருவுக்கே கேட்கக் கத்துவான். நான் வீட்டில் இல்லாவிட்டாலும் கத்துவான். பஸ்ஸை விட்டு இறங்கித் தெரு திரும்பும்போது அந்தக் குரல் காதில் விழும். அப்பாடா என்று இருக்கும்.

ஒருநாள் திரும்பும்போது குரல் இல்லை. தண்ணீர் தெருவில் ஓடிக்கொண்டிருந்தது. மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் மேல்வீட்டுக்காரர், "இனிமே தம்பிகிட்ட இத விடாதீங்க மேடம்" என்றார். வந்ததே எனக்குக் கோபம்! "இத்தனை வருஷத்துல ஒரு நாள் தப்பியிருக்கானா? ரெண்டு நாள் தண்ணி வழிஞ்சதும் ஆளையே மாத்திடுவீங்களா?" என்று ஒரு பிடி பிடித்தேன்.

கீழ்வீட்டு அம்மா பொன்மலையில் ரயில்வே வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். மகள் வீட்டுக்குப் போயிருந்தவர் அந்த வாரக் கடைசியில் திரும்பி வந்தார். அவரிடமும் போய்ப் பொருமினேன். அவர் என் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"கோவிச்சுக்காதம்மா. தை மாசத்துலேருந்து நான்தான் அணைக்கிறேன். அவன் போடுவான். தண்ணி கொட்டும். அவன் பாட்டுக்கு நிப்பான். நான் அணைச்சுட்டு, ரொம்பிருச்சுன்னு அக்காவுக்குச் சொல்லுடாம்பேன். சொல்லுவான். உனக்குக் கஷ்டமா இருக்குமேன்னுதான் சொல்லல."

அப்போது ஆவணி. இத்தனை மாதமாக நான் கேட்டு நிம்மதியடைந்த குரல் யாரோ சொல்லிக் கொடுத்த குரல்.

ஆபீஸில் சொன்னேன். அவற்றில் கோளாறு இருந்தாலும் இப்படி ஆகும், முதலில் காதையும் தைராய்டையும் பார்த்துவிடலாம் என்றார் டாக்டர். இரண்டும் நன்றாகவே இருந்தன. தம்பிக்குக் காது கேட்காமல் போயிருக்கக் கூடாதா என்று வேண்டிக்கொண்ட அக்கா நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

சொந்த வீட்டில் நாமே கேள்வி கேட்கக் கூடாது என்பது விதி. கூட வேலை செய்யும் பெண் படிவத்தோடு வந்தாள். மாற்றத்தை முதலில் கவனித்தது யார் என்று கேட்டாள். கீழ்வீட்டு அம்மா என்றேன். "அவரு தானா அணைச்சு நீங்க கடைசியா எப்பக்கா பார்த்தீங்க?" என்று கேட்டாள். யோசித்தேன். நான்தான் ஊரார் வீட்டுத் தம்பிகளைப் பார்க்கப் போய்விட்டேனே.

"அவன் எப்பவுமே..." என்று என் வாயிலிருந்து வந்தது. பாதியில் நிறுத்திக்கொண்டேன். மீதிக் கேள்விகளுக்கெல்லாம் கீழ்வீட்டு அம்மாதான் பதில் சொன்னார். நான் காபி கொடுத்தேன்.

அன்று சாயங்காலம், இன்றைக்கு மட்டும் வெளியே வராதீர்கள் என்று அவரிடம் கேட்டுக்கொண்டேன். தம்பி சுவிட்சைப் போட்டான். பக்கத்தில் நான் நின்றேன். தொட்டி நிறைந்து தண்ணீர் தடதடவென்று கொட்டத் தொடங்கியது. பொறுத்துப் பாருங்கள் என்று ஊருக்கெல்லாம் சொன்னவள், பொறுத்தேன். அணைடா, அணைடா என்று மனசு அடித்துக்கொண்டது.

அவன் அண்ணாந்து கேட்டான். முகம் பரபரத்தது.

"அக்கா, மழை! துணி நனையும்!" என்று சொல்லிவிட்டு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வேகமாக மாடி ஏறினான்.

நான் மோட்டாரை அணைத்தேன். "ரொம்பிருச்சு" என்றேன். மேலே அவன் கொடியிலிருந்து துணிகளை உருவிக்கொண்டிருந்தான், அவனுக்குக் கேட்கவில்லை.