அட்டியில் அடுக்கிய படை

"சனி. மழை இல்லை. போர் காலையில் தொடங்கும் என்றார்கள். மத்தியானச் சாப்பாடு வரை தொடங்கவில்லை."

1986ஆம் ஆண்டின் என் நாட்குறிப்பில் இப்படி ஒரு பக்கம் இருக்கிறது. அன்று எழுதியது இவ்வளவுதான். மீதியை நினைவிலிருந்து எழுதுகிறேன். அண்ணனிடம் கேட்டுச் சரிபார்த்த இடங்களும் இதில் உண்டு, அவர் இன்றும் ஒப்புக்கொள்ளாத இடங்களும் உண்டு.

அண்ணனுக்கு எங்கள் மட்டாஞ்சேரிக்கு எதிரே வெலிங்டன் தீவில் துறைமுக அலுவலகத்தில் வேலை. எழுபதுகளின் கடைசியில் அவர் ஒரு சென்னை வாரப் பத்திரிகையில் மாயாஜாலத் தொடர்கதை எழுதினார். உப்பு நாட்டு ராணிக்கும் வெண்கல மூக்குப் பறவைகளில் ஏறி வரும் ஒரு மலைநாட்டு அரசனுக்கும் நடக்கும் சண்டை. வாரா வாரம் வந்த பக்கங்களை நான் கிழித்தெடுத்து, தேதி எழுதி, பைண்டு செய்து வைத்திருந்தேன். எழுதியவரிடமே முழுப் பிரதி கிடையாது.

அந்தக் கதையைக் கல்லூரியில் படிக்கும்போது படித்த ஒருவர் பின்னால் இயக்குநராகி, அதைத் தொலைக்காட்சித் தொடராக எடுக்கவேண்டும் என்று மட்டாஞ்சேரிக்கு எங்களைத் தேடி வந்தார். முதலில் மாதிரிக்கு ஒரு பகுதி எடுத்துச் சென்னை நிலையத்தில் காட்ட வேண்டும். தேர்வுக் குழுவுக்குப் பிடித்தால் தொடர் கிடைக்கும். மாதிரிப் பகுதி போர்க்காட்சியாகத்தான் இருக்கவேண்டும் என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார்.

"சார், நீங்களே திரைக்கதை எழுதித் தரணும்" என்று அண்ணனிடம் கேட்டார்.

"நான் எழுதினதை நானே வெட்ட மாட்டேன். இவ வெட்டட்டும். இவகிட்டதான் எல்லாம் இருக்கு" என்றார் அண்ணன். அதோடு ஒரு நிபந்தனையும் வைத்தார். போரை எடுக்கும்போது நேரில் வந்து பார்ப்பார். சிரிப்பாகச் சிரிக்கிற மாதிரி இருந்தால் அவர் பெயர் அதில் வரக்கூடாது, சம்மதக் கடிதமும் கிடையாது. கடிதம் இல்லாமல் மாதிரிப் பகுதியை நிலையத்தில் வாங்கவே மாட்டார்கள். இயக்குநர் அதுவரை சேர்த்த காசும், நடந்த நடையும் அண்ணனின் ஒரு கையெழுத்தில் நின்றன.

நான் அப்போது தீவில் ஒரு தேயிலைக் கம்பெனியில் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். ராத்திரியும் விடுமுறை நாளும் வெட்டுகிற வேலை. பத்திரிகையில் அந்தப் போர் பல வாரங்கள் ஓடியிருந்தது. அண்ணன் ஒரு பேனா அசைவில் நாற்பதாயிரம் வீரர்களைக் களத்தில் இறக்கியிருந்தார். இயக்குநரிடம் இருந்தது ஒரு வேன் கொள்ளும் அளவுக்கு நடிகர்கள். பறவைகளைப் பற்றி நான் கேட்டபோது அவர் பேச்சை மாற்றினார்.

முதல் முறை எழுதியபோது ஒரு தூதன் ஓடி வந்து ராணியிடம் போர் நடக்கும் விதத்தை விவரிப்பதாக வைத்தேன். பழைய நாடகங்களில் உள்ள வழிதான். அண்ணன் படித்துவிட்டுத் தாளை என் பக்கம் தள்ளினார்.

"சண்டை நடக்கும்போது ஒருத்தன் வந்து சண்டை நடக்குதுன்னு பறயறான். இதுக்கு ரேடியோ போறாதா?"

இரண்டாவது முறை, ஒரே ஆட்கள் முதலில் உப்பு நாட்டுப் படையாகச் செத்து, பிறகு உடையை மாற்றி மலைநாட்டுப் படையாக வந்து சாவதாக எழுதினேன். அதைத்தான் எடுப்பதாக முடிவானது.

கடைவீதியில் சுக்கு வியாபாரி ஒருவர் தன் பண்டகசாலையின் முற்றத்தை ஒரு நாள் தருவதாகச் சொன்னார். பண்டகசாலையின் பின்கட்டில் இன்னொரு முற்றம், காயலைப் பார்த்தபடி. முன் முற்றத்தில் ஒரு படை, பின் முற்றத்தில் இன்னொரு படை. இரண்டுக்கும் நடுவில் உள்ளே வழியில்லை. பக்கத்துச் சந்தின் வழியாகத்தான் போகவேண்டும். அதில் என்ன வந்துவிடப் போகிறது என்று நானும் நினைத்தேன். மட்டாஞ்சேரியில் பிறந்து வளர்ந்தவள் அப்படி நினைத்திருக்கக் கூடாது.

பாலக்காட்டு நாடகக் குழுவிலிருந்து வந்த நடிகர்கள் காலையிலேயே கவசம் போட்டுத் தயாரானார்கள். அட்டையில் வெட்டி, வெள்ளித் தாள் ஒட்டிய கவசம். ஈரக் காற்றில் பசை காயவில்லை. இடுப்பை மடக்கினால் கவசம் இரண்டாகப் பிளந்தது. ஆகவே செத்து விழுந்தவர்களை எழுப்பி நடக்கவிட முடியாது, விறைப்பாகத் தூக்கிக் கைவண்டியில் ஏற்றிப் பின்கட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று ஏற்பாடு. கேமரா ஓடும் முன்பே பின்கட்டில் சவங்களைப் பரப்பக் கிளம்பிய முதல் வண்டி சந்துக்குள் திரும்பியதும், முனையில் சாயா குடித்துக்கொண்டிருந்த நீலச் சட்டைக்காரர்கள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்கள்.

எங்கள் கடைவீதியில் மிளகு மூட்டையானாலும் கல்யாண வீட்டு அலமாரியானாலும், ஏற்றுவதும் இறக்குவதும் அந்தப் பகுதியில் பதிவு பெற்ற சுமட்டுத் தொழிலாளிகளின் உரிமை. வேறு யாரும் கை வைக்க முடியாது. அவர்களுடைய கன்வீனர் தோளில் தோர்த்துத் துண்டோடு வந்து வண்டியை மறித்தார். வண்டியில் மூன்று சவங்கள்.

"சேச்சி, இது எந்தா?" என்று என்னிடம் கேட்டார். எங்கள் குடும்பத்தோடு பேசும்போது பாதித் தமிழில்தான் பேசுவார்.

"சினிமா மாதிரி, சேட்டா. டிவிக்கு. இவங்க நடிகருங்க."

"நடிகன் ஆயிக்கோட்டே, இருக்கட்டும். வண்டியில கேத்தினது யாரு?"

இயக்குநர் ஓடி வந்தார். "சார், இது சரக்கு இல்ல சார். மனுஷங்க."

"மனுஷன்னா எறங்கி நடக்கட்டும்."

"நடக்க முடியாதுண்ணே, கவசம் பொளந்துடும்" என்றது மேலே கிடந்த சவம், கண்ணைத் திறக்காமல்.

கன்வீனர் அவனைத் தோர்த்தால் சுட்டிக்காட்டினார். "எழுந்து நடந்தா ஆளு. நடக்காம வண்டியில கெடந்தா லோடு. லோடு ஞங்ஙளுக்குள்ளது."

வண்டி அங்கேயே நின்றது. சவங்களுக்கு அங்கேயே சாயா வந்தது. உட்காரக் கூடாது என்பதால் ஒருவர் தலையைத் தூக்கிப் பிடிக்க இன்னொருவர் ஊற்றினார். நாட்குறிப்பில் நான் "மத்தியானச் சாப்பாடு வரை" என்று எழுதியது இந்த நேரத்தைத்தான். சனிக்கிழமை அரை நாள் அலுவலகம் முடிந்து அண்ணன் படகில் வந்து இறங்குவார் என்பது ஒன்றுதான் இயக்குநரின் மனதில் இருந்தது. படகுத்துறைப் பக்கம் பார்ப்பதும் கைக்குட்டையால் கழுத்தைத் துடைப்பதுமாக இருந்தார்.

கடைசியில் சமாதானம் ஆனது. தூக்குவதும் இறக்குவதும் தொழிலாளிகளே செய்வார்கள். ஆனால் கேமராவில் நீலச் சட்டை தெரியக்கூடாது என்றார் இயக்குநர். வேலை நேரத்தில் சட்டையைக் கழற்ற மாட்டோம் என்றார் கன்வீனர். பழைய சாக்குகளில் தலைக்கும் கைக்கும் ஓட்டை வெட்டிச் சட்டைக்கு மேலே மாட்டிக்கொள்ளலாம் என்று நான் சொன்னேன். தலையில் தோர்த்தைச் சுருட்டிக் கட்டியிருந்தார்கள். சாக்கை மாட்டி வரிசையாக நின்றபோது, அதுவரை வெள்ளித் தாள் கவசத்தில் யாரிடமும் தெரியாத ஒரு படைவீரக் களை அவர்களிடம் தெரிந்தது.

அப்புறம் நடந்ததை யாரும் எழுதி வைத்துச் செய்யவில்லை. அவர்கள் முற்றத்தில் கிடந்த சவங்களை இரண்டு பேருக்கு ஒன்றாகத் தோளில் ஏற்றி, குட்டைக் குட்டை அடியாக ஓடி, சந்து வழியாகப் பின் முற்றத்துக்குக் கொண்டுபோனார்கள். எங்கே வைப்பது என்று யாரும் சொல்லவில்லை. ஆகவே தெரிந்த விதத்தில் வைத்தார்கள். முதல் வரிசை வடக்கே தலை. அதன் மேல் குறுக்காக இரண்டாவது வரிசை. சரிந்து விழாமல் இருக்க மூட்டைகளுக்குப் போடும் அட்டி.

"சேட்டா, அடியில நான் உயிரோட இருக்கேன்" என்று ஒரு குரல் வந்தது.

"அறியாம், தெரியும். ஒத்த சாக்குகூட நசுங்காம அட்டி போட்டிட்டுண்டு. மிண்டாதெ, பேசாம கெட."

நான் ஓடிப்போய் இயக்குநரைக் கூப்பிட்டேன். தடுக்கத்தான் கூப்பிட்டேன். அவர் பின் முற்றத்துக்கு வந்தவர், அட்டியைப் பார்த்தார், கேமராக்காரரைப் பார்த்தார், கேமராவைத் தரையோடு தாழ்த்தச் சொன்னார். உப்பு நாட்டு ராணியாக நடித்த பெண்ணை மாடி வராந்தாவில் நிற்க வைத்தார். கதவுக்கு அந்தப் பக்கம், சந்தில், மீதி நடிகர்களைக் கத்தச் சொன்னார். சாக்கு மனிதர்கள் கதவின் வழியாக வந்துகொண்டே இருந்தார்கள். இறக்கியதைக் கேமராவில் படாமல் மறுபக்கம் கொண்டுபோய்த் திரும்பவும் கொண்டுவந்தார்கள். ஒரு வேன் ஆட்கள் தீரவே தீராத படையானார்கள். நான் மூட்டை மேல் உட்கார்ந்து புதிதாக எழுதினேன். போர் ஒரு கணம்கூடக் கண்ணில் படாது. கதவுக்கு வெளியே சத்தம், உள்ளே அட்டி உயர்வது, அதைப் பார்க்கும் ராணியின் முகம், அவ்வளவுதான். தூதனுக்கு வேலையில்லை.

அண்ணன் வந்தபோது எல்லாம் முடிந்து டேப்பைச் சின்ன டிவிப் பெட்டியில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம். செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றபடியே பார்த்தார். சவங்கள் சுவரோரம் விறைப்பாகச் சாய்ந்து அவர் முகத்தையே பார்த்தன. இயக்குநர் என் பின்னால் நின்றார்.

முடிந்ததும் அண்ணன் கேட்டார்: "என் பறவை எங்கே?"

இயக்குநர் வாயைத் திறப்பதற்குள் கன்வீனர் சொன்னார்: "சாரே, அது பறந்து வந்தாலும் ஞங்ஙள்தான் எறக்கணும்."

முதலில் சிரித்தது ஒரு சவம். கவசம் பிளக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள், அண்ணன் கடைசியாக. சிரித்து முடித்து இன்னொரு தடவை போடச் சொல்லிப் பார்த்தார். இந்தத் தடவை உட்கார்ந்து.

"பிணங்கள் மலையாகக் குவிந்தனன்னு ஒரு வரி எழுதியிருக்கேன்ல" என்றார் என்னிடம்.

"ரெண்டு தடவை எழுதியிருக்கீங்க."

"ரெண்டு தடவையும் எப்படிக் குவிஞ்சுதுன்னு பார்க்கவே இல்லை." பிறகு இயக்குநர் பக்கம் திரும்பி, "கொள்ளாம். பேரு இருக்கட்டும்" என்றார். நன்றாக இருக்கிறது என்று சொல்லும் அந்தக் 'கொள்ளாம்' அண்ணன் வாயிலிருந்து வருவது அபூர்வம். அங்கேயே மூட்டை மேல் வைத்துச் சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். அவர் அதை மறுநாள் வீட்டில் போட்டதாகச் சொல்கிறார். பேனா கொடுத்தவள் நான்.

மாதிரிப் பகுதியை நிலையம் ஏற்றுக்கொண்டது, தொடரும் வந்தது. சென்னை ஒளிபரப்பு அப்போது எங்கள் வீட்டுப் பெட்டியில் எடுக்காது. சென்னையிலிருந்த சித்தி மகள் பார்த்துவிட்டு, அண்ணன் பெயர் பெரிய எழுத்தில் வந்ததாக எழுதினாள்.

இயக்குநர் அடுத்த முறை வந்தபோது ஒரு விஷயம் சொன்னார். தேர்வுக் குழுவில் ஒருவர், இறந்த வீரர்களைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்குவது பழைய சேர நாட்டுப் போர் வழக்கம் என்றும், இவ்வளவு நுணுக்கமாக ஆராய்ந்தவர்களைப் பாராட்ட வேண்டும் என்றும் பேசினாராம். அதைக் கேட்டுத்தான் மற்றவர்களும் சம்மதித்தார்களாம். இயக்குநர் கதை கட்டக்கூடியவர். நிலையத்துக்கு எழுதிக் கேட்டேன், பதில் வரவில்லை. குழுவில் இருந்தவர்கள் யாரென்றும் தெரியவில்லை. அப்படி ஒருவர் பேசினார் என்பது இன்றுவரை உறுதியாகாத தகவல்.