முள்ளங்கித் துண்டும் சிவப்புத் தொட்டியும்

அக்கா இறந்த ஒன்பதாம் நாள் மல்சூன் தென்கொரியாவின் சுங்மு துறைமுகத்தில் பேருந்தை விட்டு இறங்கினாள். மழித்த தலை, சாம்பல் நிற அங்கி, தோளில் ஒரு துணிப்பை. அப்போது அவளுக்கு முப்பத்தொரு வயது. பதினேழு வயதில் மலைமேல் இருந்த பிக்குணி மடத்துக்குப் போனவள், வீடு என்று ஒன்றுக்குள் கால் வைப்பது பதினான்கு வருடத்தில் அதுவே முதல் தடவை. நாற்பத்தொன்பதாம் நாள் சடங்கு முடிந்ததும் திரும்பிவிடுவதாகத் தலைமைப் பிக்குணியிடம் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

அக்காவின் கணவர் சாங்கிக்கு நெத்திலிப் படகில் வேலை. மாதத்தில் இருபது நாள் கடல்தான். வீட்டில் இரண்டு பெண் குழந்தைகள்: ஆறு வயது மிரான், மூன்று வயது சொன்ஹி. அவர்களைப் பார்த்துக்கொள்ள சாங்கியின் அக்கா பொக்ஜா தன் வீட்டைப் பூட்டிக்கொண்டு வந்திருந்தாள். கணவனை இழந்தவள். பகலில் கடற்கரைக் கொட்டகையில் சிப்பி உடைப்பாள். அவள் சாதாரணமாகப் பேசினாலே தெருமுனைக்குக் கேட்கும்.

முதல் நாள் சாப்பாடு முடிந்தது. மல்சூன் கடைசி முள்ளங்கி ஊறுகாய்த் துண்டைத் தின்னாமல் வைத்திருந்தாள். கிண்ணத்தில் வெந்நீர் ஊற்றி, அந்தத் துண்டைச் சாப்பிடும் குச்சியால் பிடித்து உட்புறமெல்லாம் சுற்றித் துடைத்தாள். துண்டைத் தின்றாள். தண்ணீரைக் குடித்தாள். கிண்ணத்தில் ஒரு பருக்கை இல்லை.

பொக்ஜா வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பண்றே நீ?"

"கிண்ணம் கழுவினேன்க்கா."

"கழுவுனியா, குடிச்சியா?"

"ரெண்டும்தான்."

"ஏன், எந்தம்பி வீட்ல சோப்புத்தூளுக்குப் பஞ்சம் வந்துருச்சா? இங்க குடு அதை!"

கிண்ணத்தைப் பிடுங்கி முற்றத்துக் குழாயடியில் இருந்த பெரிய சிவப்பு ரப்பர் தொட்டிக்குள் எறிந்தாள். பொக்ஜா பாத்திரம் கழுவுவது சண்டைக்குப் போவது மாதிரி இருக்கும். குந்தி உட்கார்ந்து, எல்லாவற்றையும் தொட்டியில் குவித்து, நுரை முழங்கை வரை ஏற நைலான் நாரால் தேய்ப்பாள். இரண்டு வாளித் தண்ணீரைச் சளேரென்று அடித்து ஊற்றி, மூங்கில் கூடையில் கவிழ்ப்பாள். முற்றம் முழுக்க ஈரம், சத்தம், அவளுடைய வசவு. ஆனால் கரண்டிகளையும் குச்சிகளையும் மட்டும் அந்தத் தொட்டியில் போடமாட்டாள். தனியாக ஒரு சட்டியில் வெந்நீர் ஊற்றி, ஒவ்வொன்றாக எடுத்து அலசுவாள்.

"அது மட்டும் ஏன்க்கா தனியா?" என்று மூன்றாம் நாள் மல்சூன் கேட்டாள்.

பொக்ஜா இன்னொரு கரண்டியை எடுத்தாள். "உங்கக்கா அப்படித்தான் செய்வா. வாயில வைக்கிற சாமான் மத்ததோட சேரக்கூடாதும்பா. நான் கேலி பண்ணியிருக்கேன். இப்ப மாத்த மனசு வரல" என்று குனிந்தபடியே சொன்னாள்.

தங்கள் தாய்வீட்டு வழக்கம் அது என்பது மல்சூனுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மடத்துக்குப் போனபின் அவள் அதை அடியோடு மறந்திருந்தாள்.

மடத்தில் ஒவ்வொருவருக்கும் ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் நான்கு மரக் கிண்ணங்கள். வரிசையாக உட்கார்ந்து, வாய் திறக்காமல் சாப்பிட வேண்டும். மூங்கில் கட்டை தட்டும் சத்தம்தான் பேச்சு. சாப்பிட்டு முடிந்ததும், அடிப்பிடித்த சோற்றைக் கொதிக்கவைத்த நீரை வாங்கி, ஊறுகாய்த் துண்டால் கிண்ணங்களைத் துடைத்து அதைக் குடிப்பார்கள். பிறகு நல்ல தண்ணீரால் ஒருமுறை அலசி, அந்தத் தண்ணீரைப் பொதுவான ஒரு வாளியில் ஊற்றுவார்கள். அது பசிப்பேய்களுக்கு. அவற்றின் தொண்டை ஊசி போலச் சிறுத்தது. ஒரு மிளகாய்த்துணுக்கு போனாலும் எரிந்துபோகும். மூத்த பிக்குணி வந்து வாளியை எட்டிப் பார்ப்பார். சிவப்பாக ஏதாவது மிதந்தால், அந்த வரிசை மொத்தமும் அதைப் பங்கு போட்டுக் குடிக்க வேண்டியதுதான்.

மல்சூனுக்குப் பக்கத்தில் உட்காருபவள் தோயுன். அதே வருடம் மொட்டை அடித்துக்கொண்டவள். அவசரக்காரி. பத்துக்கு எட்டுத் தடவை மிளகாய்த்துணுக்கு அவள் கிண்ணத்திலிருந்துதான் போகும். வரிசையே பல்லைக் கடித்துக்கொண்டு குடிக்கும்போது தோயுனின் தோள் சிரிப்பில் குலுங்கும். அந்தக் குலுக்கல் மல்சூனின் தோளுக்கும் வந்துவிடும். தோயுனுக்குக் கொடுத்த துண்டு சின்னதாக இருந்தால் மல்சூன் தன் துண்டைக் கண்ணைத் திருப்பாமலே அவள் பக்கம் தள்ளிவிடுவாள். பதினான்கு வருடத்தில் சாப்பாட்டு வேளையில் அவர்கள் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. ஆனாலும் மல்சூன் யாரோடாவது நிறையப் பேசியிருக்கிறாள் என்றால் அது தோயுனோடுதான்.

கிளம்பிய அன்று தோயுன் வாசல்வரை வந்தாள். "உன் கிண்ணத்தை வாரம் ஒருதடவை நான் துடைச்சு வைக்கிறேன். தூசி பிடிச்சிருக்குன்னு வந்து என்னைத் திட்டாதே" என்றாள்.

நாற்பத்தொன்பதாம் நாள் வந்தது, போனது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மல்சூன் முற்றத்தில் இறங்கியபோது சொன்ஹி அங்கியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். அழவில்லை, கத்தவில்லை. பிடித்த பிடியை விடாமல் பேருந்து நிலையம் வரை கூடவே நடந்தாள். சீட்டு வாங்கும் இடத்தில்கூட விடவில்லை. மல்சூன் மூன்று பேருந்துகளைப் போகவிட்டாள். பிறகு குழந்தையைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தாள்.

பொக்ஜா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். "போகலையா?"

"இந்தக் குளிர்காலம் முடியட்டும்க்கா."

"ம். உள்ள வா. கஞ்சி ஆறுது."

குளிர்காலம் முடிந்தது. மல்சூனின் தலையில் முடி இரண்டு விரற்கடை வளர்ந்தது. பொக்ஜாவோடு சிப்பிக் கொட்டகைக்குப் போக ஆரம்பித்தாள். அங்கே இருபது பெண்கள், கையில் கத்தி, வாயில் ஊர்வம்பு. ஒருத்தி வீட்டில் ஆண்கள் கிண்ணத்தைத்தான் முதலில் கழுவவேண்டுமாம். இன்னொருத்தி மீன் வாடை போக அரிசி கழுவிய தண்ணீரில் ஊறப்போடுவாளாம். "உங்க வீட்டுச் சாமியாரம்மா கழுவின தண்ணியையே குடிச்சிருவாங்களாமே?" என்று ஒருத்தி வாய்விட்டுச் சிரித்தாள். பொக்ஜா கத்தியை நிறுத்தினாள். "குடிச்சா உனக்கென்ன? உன் வீட்டுத் தட்டுல நேத்து வச்ச மீன் செதில் இன்னும் ஒட்டியிருக்கு. அதைப் போய் முதல்ல தேய்."

வீட்டில் அவள் திட்டுவதையெல்லாம் வெளியாள் யாரும் சொல்லிவிடக்கூடாது. அது பொக்ஜாவின் சட்டம்.

வீட்டுக்குள் அவள் விட்டபாடில்லை. ஒருநாள் சொன்ஹி தன் சின்னக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி, முள்ளங்கித் துண்டால் சுற்றிச் சுற்றித் துடைத்து, சித்தி மாதிரியே இரண்டு கையாலும் ஏந்திக் குடித்தாள். பொக்ஜாவுக்கு உச்சி வரை ஏறிவிட்டது.

"பிள்ளையையும் மொட்டை அடிச்சு மலைக்குக் கூட்டிட்டுப் போகப் போறியா?"

"நான் சொல்லிக் குடுக்கலக்கா. அவளாப் பண்றா."

"நீ பண்றதப் பாத்துத்தானே பண்றா!"

அன்றிலிருந்து மல்சூன் எல்லோரையும் போலத் தன் கிண்ணத்தைச் சிவப்புத் தொட்டியில் போட்டாள். நுரையில் அது மூழ்கும்வரை பார்த்துக்கொண்டு நிற்பாள். சாப்பிட்டு முடித்த கை சற்று நேரம் செய்ய ஒன்றுமில்லாமல் மடிமேல் கிடக்கும். பக்கத்தில் ஒரு தோள் இருப்பது போலவும், இப்போது குலுங்கப்போகிறது என்பது போலவும் தோன்றும். அங்கே இருப்பது மிரானின் தோள். அது பள்ளிக்கூடக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கும்.

இரண்டாம் வருடம் துறவைத் திருப்பிக் கொடுத்து மடத்துக்கு எழுதினாள். தோயுனிடமிருந்து ஒரே ஒரு கடிதம் வந்தது. "உன் இடத்தில் ஒரு புதுப் பெண்ணை உட்கார வைத்துவிட்டார்கள். தடுக்கப் பார்த்தேன், முடியவில்லை. நல்ல பெண்தான். ஆனால் துண்டைத் தள்ளத் தெரியாது."

அதை மல்சூன் அரிசிப் பெட்டிக்குள் வைத்திருந்தாள். மடிப்பில் கிழியும்வரை படித்தாள்.

நான்காம் வருடம் சாங்கி கடலிலிருந்து வந்த ஒரு மாலை, அவள் எதிரில் உட்கார்ந்து வெகுநேரம் வலையின் ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஊர்ல ஒரு மாதிரி பேசுறாங்க. நீ சரின்னா கல்யாணம்னு பதிவு பண்ணிக்கலாம். இல்லேன்னாலும் ஒண்ணும் இல்ல."

"வேண்டாம் அத்தான்."

"சரி."

கொஞ்சநேரம் கழித்து, சம்பந்தமே இல்லாமல் அவர் சொன்னார்: "படகுல நாங்க கிண்ணத்தையெல்லாம் வலையில கட்டிக் கடல்ல இறக்கிருவோம். அலையே கழுவிரும்."

மல்சூனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது. அந்தப் பேச்சை அவர் மறுபடி எடுக்கவே இல்லை.

பிள்ளைகள் வளர்ந்தார்கள். ஊரின் பெயரே தோங்யோங் என்று மாறியது. மிரானுக்குக் கல்யாணம் ஆயிற்று. சொன்ஹி நர்ஸ் படிப்புக்குப் பூசான் நகரத்துக்குப் போனாள். அவளை விட்டுவிட்டு வந்த வாரத்தில், நாற்பத்தெட்டு வயது மல்சூன் யாரிடமும் விவரம் சொல்லாமல் மடத்துக்குப் பேருந்து ஏறினாள்.

போய்ச் சேர்ந்தபோது மதியச் சாப்பாட்டு நேரம். சமையற்கட்டில் இருந்த பெண் கை காட்டினாள். "வெளி ஆளுங்களுக்கு அந்தக் கூடம், அக்கா. சாப்பிட்டுட்டு அவங்கவங்க தட்டை அவங்கவங்களே கழுவிரணும். ஸ்பாஞ்சு குழாய்கிட்டயே இருக்கு."

எஃகுத் தட்டில் சோறும் கீரையும் வாங்கி, மலையேற வந்த கும்பலோடு உட்கார்ந்து சாப்பிட்டாள். மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் மூங்கில் கட்டை தட்டுவது கேட்டது. இப்போது வெந்நீர் வாங்குவார்கள். இப்போது துடைப்பார்கள். இப்போது குடிப்பார்கள். ஒவ்வொரு தட்டலுக்கும் அவள் விரல் தானாக அசைந்தது. பிறகு எழுந்து, வரிசையில் நின்று, பச்சை ஸ்பாஞ்சால் தட்டைத் தேய்த்துக் குழாய்த் தண்ணீரில் காட்டினாள். எலுமிச்சை வாசனை சோப்பு. பதினான்கு வருடம் உட்கார்ந்த கூடம் பத்தடி தூரத்தில் இருந்தது.

பின்பக்கப் படியில் ஒரு பிக்குணி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் இறங்கி வந்தார். உடம்பு பெருத்திருந்தது. ஆனால் அவசரமாக இறங்குகிற அந்தத் தோள்களை மல்சூனுக்குத் தெரியும்.

"சாமி" என்று கைகூப்பினாள். "நல்லா இருக்கீங்களா?"

தோயுன் அப்படியே நின்றுவிட்டாள். உற்றுப் பார்த்தாள்.

"இருக்கீங்களாவா? ஏண்டி, என்னை நீங்கன்னா கூப்பிடுறே?"

"வேற எப்படிக் கூப்பிடுறது? நான் வெளி ஆளு."

தோயுன் பக்கத்துப் படியைத் தட்டிக் காட்டினாள். இருவரும் படியில் உட்கார்ந்தார்கள். கூடத்தில் பேசவே முடியாமல் இருந்தவர்கள், பேச எல்லா உரிமையும் இருந்தும் வெகுநேரம் சும்மா இருந்தார்கள்.

"திரும்பி வந்துடேன்."

"வயசு தாண்டிருச்சு சாமி. மொட்டை அடிக்க ஒத்துக்க மாட்டாங்க."

"சமையற்கட்டுக்கு வா. கோடைகாலத் தவத்துக்கு நாப்பது பேர் இருப்போம், மூணு மாசம். பாத்திரம் கழுவ ஆள் கிடைக்காம அல்லாடுறோம்." கொஞ்சம் தயங்கி, "கூடத்துல பக்கத்துல உட்கார முடியாது. ஆனா ஜன்னல் வழியா நீ தெரிவே" என்றாள்.

வீட்டில் மல்சூன் இதைச் சொன்னபோது பொக்ஜா தொட்டியருகே குந்தியிருந்தாள். சிப்பிக் கத்தி பிடித்துப் பிடித்து அவள் மணிக்கட்டு இரண்டும் வீங்கியிருந்தன.

"போயேன். யாரு தடுத்தா? கோடையில சிப்பியும் கிடையாது. இங்க உக்காந்து என் மூஞ்சியப் பாக்குறதுக்கு அங்க போய்ப் புத்தர் மூஞ்சியப் பாரு." சொல்லிவிட்டு ஒரு கரண்டியை எடுத்து அலசினாள். அலசிய கரண்டியை மறுபடி எடுத்து அலசினாள்.

அந்தக் கோடையில் மல்சூன் போனாள். ஆள் உட்காரும் அளவு கொப்பரைகளைத் தேங்காய்நார் பிரஷ்ஷால் தேய்த்தாள். முதுகு விட்டுப்போயிற்று. சாப்பாட்டு நேரத்தில் ஜன்னல் வழியாகத் தோயுனின் பக்கவாட்டு முகம் தெரியும். பார்க்கக்கூடாது என்பது விதி. இருந்தும் சில நாள் அந்த முகம் அரை விரற்கடை இந்தப் பக்கம் திரும்பும். அது போதும் என்று நினைத்துத்தான் வந்தாள். போதுமாகத்தான் இருந்தது. ஆனால் பாத்திரங்கள் சத்தமில்லாமல் உலரும் அந்தச் சமையற்கட்டில், முற்றத்தில் தண்ணீர் அடித்து ஊற்றும் சத்தத்துக்குக் காது ஏங்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

இருபதாம் நாள் மடத்து அலுவலக அறைக்குக் கூப்பிட்டார்கள். போன்.

"நான்தான். கஞ்சிச் சட்டி அடிப்பிடிச்சிருச்சு. கருகிக் கெடக்கு. எப்படி எடுக்கிறது?" பொக்ஜாவின் குரலுக்கு அங்கிருந்த பிக்குணிகள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஐம்பத்தைந்து வயதில் அவள் அடிப்பிடித்த சட்டியைக் கண்டதே இல்லையா என்ன?

"தண்ணி ஊத்தி, கொஞ்சம் சோடாத்தூள் போட்டு ஊற விடுங்கக்கா."

"எவ்வளவு நேரம்?"

"ஒரு நாள் ஊறட்டும்."



"சரி. அப்ப போயிருச்சான்னு சொல்ல நாளைக்குப் பண்றேன்" என்று சொல்லி பொக்ஜா போனை வைத்தாள்.