எர்த் குழிக்கு ஒரு வாளித் தண்ணீர்

இதை எழுதும்போது பக்கத்து அறையில் மெஷின் ஓடிக்கொண்டிருக்கிறது. சத்தம் சீராக இருக்கும்வரை எழுத முடிகிறது. கொஞ்சம் மாறினாலும் எழுந்து போய் எட்டிப் பார்த்துவிட்டு வருகிறேன். மகளுக்கு அது பிடிப்பதில்லை.

சென்னையில் பார்த்த வேலை போனதும் கோவில்பட்டிக்குத் திரும்பி வந்தவள், பின்னறையில் தானே பூட்டிய மெஷின் அது. சி.என்.சி. என்கிறார்கள். கம்ப்யூட்டரில் வரைந்ததை மரப்பலகையில் அப்படியே செதுக்கித் தரும். சின்னப் பிள்ளைகள் விரலை ஓட்டிப் பழக, எழுத்துகளைப் பள்ளமாகச் செதுக்கிய பலகைகள் செய்தாள். கழுகுமலையில் ஒரு மழலையர் பள்ளியில் முப்பது பலகை கேட்டிருந்தார்கள். அவள் முகத்தில் பழைய களை வந்தது அதற்குப் பிறகுதான்.

எங்கள் வீடு ஊரின் ஓரத்தில், பருத்தி விளைந்த கரிசலில் கட்டியது. மெஷின் வந்த சமயம் எலக்ட்ரீசியன் அண்ணாச்சி சுவரோரமாகக் குழி தோண்டி, ஆள் உயரத்துக்கு மேல் நீளமுள்ள இரும்புக் குழாயை இறக்கி, கரியும் உப்பும் போட்டு எர்த் கொடுத்தார். மெஷினில் கரண்ட் கசிந்தால் ஆளைத் தாக்காமல் மண்ணுக்குள் போக ஒரு வழி.

"எம்மா, மண்ணு காஞ்சா கரண்ட் உள்ள இறங்காது. வெயில் காலத்துல தெனமும் கொஞ்சம் தண்ணி அந்தக் குழில ஊத்திரணும். அது உன் பொறுப்பு" என்றாள் மகள்.

"ஊத்துதேன்" என்றேன்.

மாசி வரை தினமும் ஒரு குடம் ஊற்றினேன். எங்கள் தெருவில் குழாய்த் தண்ணீர் வரும் நாளைக் காலண்டரில் வட்டம் போட்டு வைப்போம். பங்குனியில் ஒரு வட்டத்துக்கும் அடுத்த வட்டத்துக்கும் இடையே கட்டங்கள் கூடிக்கொண்டே போயின. அரிசி கழுவிய தண்ணீரைக்கூடப் பக்கத்து வீட்டு ஆட்டுக்கு என்று எடுத்து வைக்கிற தெரு இது. இங்கே ஒரு குடம் நல்ல தண்ணீரைச் சுமந்து போய்க் குழிக்குள் கவிழ்ப்பது பாவம் செய்வது போலிருந்தது. ஒரு நாள் ஊற்றாமல் விட்டேன். மெஷின் ஓடத்தான் செய்தது. அப்புறம் அடியோடு விட்டுவிட்டேன். நான் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறவள். எர்த் எதற்கு என்று வருடா வருடம் படம் போட்டு நடத்துகிறவள்.

சித்திரையில் மெஷின் கோளாறு பண்ணத் தொடங்கியது. பாதி எழுத்தில் நின்றுவிடும். பலகையின் நடுவில் இருந்துகொண்டே, விளிம்பில் முட்டிவிட்டதாகத் திரையில் காட்டும்.

"செதுக்குற மோட்டாருக்குப் போற வயர் போடுற இரைச்சல், பக்கத்துல, விளிம்பு வந்தா சொல்ற சன்ன வயருக்குள்ள புகுந்துருதும்மா. மெஷின் அதை நம்பிருது" என்றாள்.

"மிக்ஸி போட்டா ரேடியோ கரகரங்குமே, அது மாதிரியா?"

"அதேதான்."

இரண்டு வயர்களையும் விலக்கிக் கட்டினாள். மேலே வலை சுற்றிய வயர் வரவழைத்து மாற்றினாள். பவர் சப்ளை பெட்டியையே மாற்றிப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் ஒரு பலகை ஒழுங்காக வரும், அடுத்தது பாழாகும். பாழான பலகைகளைச் சுவரோடு திருப்பி அடுக்கி வைத்திருந்தாள், எழுத்து கண்ணில் படாதபடி.

ஒரு நாள் மத்தியானம் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள். "எனக்குத்தான் வேலை தெரியல போலம்மா. அதான் அங்கயும் வேண்டாம்னுட்டாங்க." பிறகு ஏதோ நினைத்துக்கொண்டவளாக, "குழிக்குத் தண்ணி ஊத்துதல்லா?" என்றாள்.

"ஊத்துதேன்."

யோசிக்காமல் வாயில் வந்தது. இனி ஊற்றிவிட்டால் பொய்யாகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். போய்ப் பார்த்தால் வீட்டில் இரண்டு குடம்தான் மீதி இருந்தது. நாளைக்குக் குழாய் வரும், ஊற்றிக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டேன்.

மறுநாள் காலை அடுப்படியில் நின்றபோது பின்னறையிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. என் பிள்ளையின் தொண்டையிலிருந்து அப்படி ஒரு சத்தத்தை அதுவரை நான் கேட்டதில்லை. ஓடினேன். சுவரில் சாய்ந்து தரையில் கிடந்தாள். செருப்பில்லாத கால். மெஷினின் இரும்புச் சட்டத்தில் கையை ஊன்றிக் குனிந்திருக்கிறாள். மேலே மோட்டார் இன்னும் சுழன்றுகொண்டிருந்தது.

"தொட்டுராதம்மா, மெயினை அணை."

அணைத்துவிட்டு வந்து அவள் கையைப் பிடித்தேன். சட்டத்தில் ஊன்றிய கை மரத்துப் போயிருந்தது. ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார்கள். அன்றிலிருந்து அந்த ஒன்றுமில்லை என்ற சொல்லை நான் நம்புவதில்லை.

சாயங்காலம் அண்ணாச்சி வந்தார். மெஷினின் வயரைப் பிடுங்கிவிட்டு, பிளக்கில் கரண்ட் வருகிற துளைக்கும் அது திரும்பிப் போகிற நியூட்ரல் துளைக்கும் இடையே ஒரு குண்டு பல்பை வைத்தார். பளிச்சென்று எரிந்தது. கரண்டுக்கும் எர்த்துக்கும் இடையே வைத்தார். எர்த் சரியாக இருந்தால் இதிலும் எரிய வேண்டும்; உள்ளே ஒரு சிவப்பு நூல் மட்டும் தெரிந்தது.

"எறும்பு கண்ணு கணக்கால்லா இருக்கு. குழிக்குத் தண்ணி ஊத்துதீங்களா, டீச்சர்?"

நான் வாய் திறப்பதற்குள் மகள் முந்திக்கொண்டாள். "அம்மா தெனமும் ஊத்துதாங்க அண்ணாச்சி. அதுல கோளாறு இருக்காது."

அவர் போய்க் குழியின் மேல்கல்லை நகர்த்தினார். கரிசல் பாளம் பாளமாகப் பிளந்து கிடந்தது. குழாயைச் சுற்றி மண் விலகி, விரல் நுழைகிற இடைவெளி. குழாய் மண்ணைத் தொடாமல் வெறுமனே நின்றது.

"ஊத்துன தண்ணியெல்லாம் மணியாச்சிக்கு ரயிலேறிப் போச்சோ?" என்று சிரித்தார்.

மகள் சிரிக்கவில்லை. மண்ணைப் பார்த்தாள், பிறகு என்னை.

"ரெண்டு மாசமா ஊத்தல" என்றேன். "நேத்து நீ கேட்டப்பவும் பொய்தான் சொன்னேன்."

குனிந்து அந்த இடைவெளிக்குள் விரலை விட்டுப் பார்த்தாள்.

"ஒவ்வொரு வயரா பிச்சுப் பிச்சுப் பார்த்தேனேம்மா. அப்பவாது சொல்லிருக்கலாம்லா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். கதவைச் சாத்திக்கொள்வாள் என்று நினைத்தேன். துணி அலசிய தண்ணீரை வாளியோடு தூக்கிக்கொண்டு வந்தாள், ஒரு கையால். மற்றக் கை இன்னும் தெளியவில்லை.

"நல்ல தண்ணியா கேட்டேன்? இது போதும்லா."

எனக்கு அது தோன்றவே இல்லை. வாளியின் மறுபக்கத்தை நான் பிடித்துக்கொண்டேன். சேர்ந்து ஊற்றினோம். பிளவுகள் களகளவென்று குடித்தன. மூன்று வாளி ஊற்றி, மண் ஊறட்டும் என்று காத்திருந்து அண்ணாச்சி மறுபடி பல்பை வைத்தபோது, வெளிச்சம் அவர் முகத்தில் விழும் அளவுக்கு இருந்தது.

"குழியை மட்டும் நம்பாதீங்க. கசிஞ்சா தானே அணையுற சுவிட்சு ஒண்ணு மாட்டணும். இன்னொரு குழாயும் இறக்கணும். அதுவரைக்கும் மெஷினைத் தொடாத பாப்பா" என்றார்.

எல்லாம் மாட்டிய பிறகு, வயரின் இரைச்சலும் மண்ணுக்குள் போக வழி கிடைத்து, பாதி எழுத்தில் நிற்பதும் நின்றது. முப்பது பலகைகளும் கழுகுமலை பஸ்ஸில் போய்ச் சேர்ந்தன. அவளுக்குக் கை சரியாகிவிட்டது. நான்தான் இன்னும் அந்த அறைக்குள் செருப்பில்லாமல் நுழைவதில்லை.

இன்று காலை வீட்டில் துவைக்கத் துணி இல்லை. வாளி காலி. பின்னறை வாசலில் போய் நின்றேன். மெஷினைப் போடத் தயாராக இருந்தாள்.

"ஏட்டி, இன்னைக்கு இன்னும் ஊத்தல."

அவள் திரும்பிப் பார்த்தாள். சுவிட்சிலிருந்து கையை எடுத்தாள்.

"பக்கத்து வீட்டுல துணி துவைக்குற சத்தம் கேக்குது. அலசுன தண்ணியை வாங்கிட்டு வாரேன்" என்று வாளியை எடுத்துக்கொண்டு போனாள்.