முகம் காட்டாத மத்தியானங்கள்

உகண்டாவில் உள்ள அந்தப் பிள்ளைகள் இல்லத்துக்கு எங்கள் தேவாலயப் பங்கிலிருந்து மூன்று பெண்கள் தொண்டு செய்யப் போனோம். மூவரும் லண்டனில் மனோர் பார்க், குட்மேய்ஸ் பக்கத்து ஆட்கள். மூவரின் பிள்ளைகளும் வளர்ந்துவிட்டார்கள். வீட்டில் ஊட்டிவிட ஆளில்லை.

அங்கே விடியுமுன் மணி அடிக்கும். செபம், திருப்பலி, அது முடிய உடுப்புத் தோய்க்கிற வேலை. செம்மண் ஊறிய காற்சட்டைகளைக் கையால் கசக்கிக் கசக்கி விரல்கள் தோலுரிந்து போயின. பிறகு அவரை விதையில் கல் பொறுக்குவோம், நகம் வெட்டுவோம், புண்ணுக்கு மருந்து கட்டுவோம். ஆபிரிக்காவில் சேவை செய்யப் போகிறேன் என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டுப் போனவளுக்கு அரைவாசி நேரம் மூக்குத் துடைக்கிற வேலைதான். எனக்கு அது நன்றாகப் பிடித்திருந்தது.

மத்தியானம் சோளமாக் களியும் அவரைக் கறியும். பிள்ளைகள் பாயில் வரிசையாக இருந்து தாங்களே அள்ளிச் சாப்பிடுவார்கள். சின்னதுகளுக்குப் பாதி வாயில், பாதி சட்டையில். அதைப் பார்த்துக்கொண்டு நிற்க எங்களால் முடியுமா? பள்ளிக்கூடம் போகிற பிள்ளையைப் புத்தகப் பையோடு மறித்து வைத்துச் சோறு ஊட்டுகிற சனம் நாங்கள். முதல் நாளே மூன்று பேரும் பாயில் குந்தி, களியைக் கறியோடு குழைத்து உருட்டி, “ஆ காட்டு” என்று தொடங்கிவிட்டோம்.

இல்லத்தை நடத்தும் சிஸ்டர் அந்த நாட்டுப் பெண். இந்தப் பழக்கம் இங்கே சரிவராது, நீங்கள் போனபின் யார் ஊட்டுவது என்று கேட்டார். நாங்கள் சிரித்துக்கொண்டே ஊட்டினோம். பிள்ளைக்குச் சோறு கொடுப்பதற்கும் தடையா என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

நாங்கள் லண்டன் திரும்பியதும் மற்றப் பிள்ளைகள் பழையபடி அள்ளிச் சாப்பிட்டன. மூன்று வயதுக்காரி ஒருத்தி மட்டும் மாட்டேன் என்றுவிட்டாள். சாப்பாட்டு நேரமெல்லாம் என் மடியில் இருந்தவள் அவள். சிஸ்டர் எனக்குப் போன் எடுத்தார். பிள்ளை தட்டைத் தொடுவதில்லை, வாயைத் திறந்தபடி வாசலைப் பார்த்துக்கொண்டு இருக்கிறாள், மெலியத் தொடங்கிவிட்டாள் என்றார்.

எனக்கு ஒரு சூப்பர் மார்க்கெட்டில் காலை ஷிப்ட். அங்கே மத்தியானச் சாப்பாடு என்றால் இங்கே எனக்குத் தேநீர் இடைவேளை. ஸ்டாஃப் ரூமில் இருந்து வீடியோவில் “ஆ காட்டு” என்பேன். சிஸ்டர் ஊட்டுவார்; அவள் என் முகத்தைப் பார்த்தபடி விழுங்குவாள். தட்டு வெறுமையானால் எனக்கு அன்றைய நாளே வெளித்துவிடும்.

ஆனால் இணைப்புக் கிடைக்காத ஒரு நாளில் அவள் ஒரு வாயும் சாப்பிடவில்லை. அத்தோடு, இவளுக்கு ஊட்டுகிற நேரத்தில் மற்றப் பிள்ளைகளைக் கவனிக்க சிஸ்டருக்கு இன்னும் இரண்டு கை இல்லை. அன்று பின்னேரம் என் கணவரிடம் சொன்னேன்.

“நாளையிலயிருந்து நான் அவளுக்கு முகம் காட்டப் போறேல்லை.”

“உமக்கென்ன விசரே? சாப்பிடுறாள்தானே. அப்பிடியே விடுமன்.”

“என்ர முகத்தைக் கண்டாத்தான் சாப்பிடுறாள். எனக்கு ஏலாத நாளில அவள் என்ன செய்வாள்?”

“பச்சைப் பிள்ளையோட பிடிவாதமோ?”

“ஓம், பிடிவாதம்தான்.”

சிஸ்டரும் சம்மதித்தார். அவளை மற்றப் பிள்ளைகளோடு பாயில் இருத்தி, போனை அவளுக்குத் தெரியாமல் ஒரு பக்கமாக வைத்தார். நான் என் படத்தையும் குரலையும் அணைத்துவிட்டுப் பார்த்தேன். முதல் நாள் அவள் தட்டைத் தள்ளிவிட்டு அழுதாள். நான் ஒரு சொல் சொன்னால் போதும், வாயைத் திறந்துவிடுவாள். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அடுத்த நாளும் அதே அழுகை. பின்னேரம் பால் குடித்தாள் என்று சிஸ்டர் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

மூன்றாம் நாள் பக்கத்தில் இருந்த பிள்ளை தன் தட்டை வழித்துவிட்டு இவளுடையதில் கை வைத்தது. இவள் அந்தக் கையை ஒரே தட்டாகத் தட்டிவிட்டாள். தட்டை நெஞ்சோடு இழுத்து வைத்துக்கொண்டு, வந்த கோபத்தில் ஒரு பிடி அள்ளி வாயில் அடைத்தாள். பிறகு இன்னொரு பிடி. கறி முழங்கைவரை வழிந்தது. நான் ஸ்டாஃப் ரூமில் எழும்பியே நின்றுவிட்டேன்.

சிஸ்டர் போனைக் கையில் எடுத்தார். கதைக்கிறீர்களா, உங்களைக் கண்டால் சந்தோஷப்படுவாள் என்றார். கதைக்க எனக்கு அவ்வளவு ஆசை. வேண்டாம் சிஸ்டர், இனி நான் அவளுக்கு அழைப்பு எடுக்க மாட்டேன் என்று சொல்லி போனை வைத்தேன்.

அவள் இனி என்னை மறந்துவிடுவாள். மறக்க வேண்டும் என்றுதான் நானும் பாடுபட்டேன். திரும்பவும் கதிரையில் குந்தி வாய்விட்டு அழுதேன்.