மாலைக்குக் கேட்ட படம்

பாஞ்சாலை அக்காளுக்குச் சந்தேகம் கூடவே பிறந்தது. மீன் லோரி வந்தால் எங்கள் ரப்பர் தோட்டத்து லய வீடுகளில் எல்லோரும் விலை கேட்பார்கள். அவள் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு மீன்காரன் மூஞ்சியையும் ஒரு தரம் பார்ப்பாள்.

அவள் புருஷன் முருகையா கோலா கிளாவாங் பக்கம் காட்டுமரக் கம்பெனி வேலைக்குப் போனவர், திரும்பவே இல்லை. செத்தார் என்றும் தகவல் இல்லை, இருக்கிறார் என்றும் இல்லை. அக்காள் பூவும் பொட்டுமாகவே பால்மரம் வெட்டப் போய்வந்தாள். கொழுந்தன் மணியத்துக்கு அது உறுத்தியது. அண்ணனுக்குக் கருமாதி செய்தால்தான் தன் மகள் கல்யாணம் கூடும் என்று ஜோசியர் சொல்லியிருந்தார். அதற்கு மாலை போட ஒரு படம் வேண்டும். இருந்த ஒரே படத்தை அக்காள் அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

தொண்ணூற்றைந்தில், சிரம்பானில் கம்ப்யூட்டர் படித்த மகள் கலைவாணி, கல்லூரி ஓவியப் போட்டிக்கு அப்பா படம் வேண்டும் என்றாள். அக்காள் கொடுத்தனுப்பவில்லை. படத்தோடு தானும் பஸ் ஏறினாள்.

கலைவாணி படத்தை ஏற்றியதும் கல்லூரிக் கம்ப்யூட்டர் திரையில் முருகையாவின் முகம் புள்ளி புள்ளியாக வந்தது.

"ஒவ்வொரு புள்ளியும் ஒரு உயிரு மாதிரிம்மா. பக்கத்துல தொண இருந்தா வாழும், தனியா கெடந்தா செத்துரும். அதுங்களே படத்த மாத்திரும்," என்றாள் மகள்.

ஒரு பட்டனைத் தட்டியதும் புள்ளிகள் நெளியத் தொடங்கின. மூக்கு போனது, மீசை போனது. செத்த இடத்தில் வேறு புள்ளிகள் முளைத்தன. கடைசியில் முகமே இல்லை. சுவரில் படர்ந்த பாசி போல ஏதோ ஊர்ந்தது.

அக்காள் திரையைக் கையால் மறைத்தாள். "நிறுத்துடி! ஒங்கப்பாவ சாகடிக்கச் சொல்லி யாரு சொன்னா?"

"வெறும் படம் லா, அம்மா. பழையபடி கொண்டாந்துரலாம்."

கொண்டுவந்தாள். அக்காள் நம்பவில்லை. கையிலிருந்த படத்தைத் திரையோரம் பிடித்து மீசையையும் மச்சத்தையும் ஒத்துப் பார்த்தாள். பிறகு மகளைப் பார்த்தாள்.

"ஒன் சித்தப்பா இந்தப் படத்துல ஒரு காப்பி கேட்டாரா?"

கலைவாணி தலையைக் குனிந்துகொண்டாள். "கல்யாணம் தட்டிப் போவுதுன்னு அழுதாரும்மா."

ஊரையெல்லாம் சந்தேகப்பட்டவள், பெற்ற மகளிடம் மட்டும் அந்தச் சந்தேகம் பொய்யாகட்டும் என்று நினைத்திருந்தாள். மனசு உடைந்துபோனது.

"மறுபடி ஓட விடு," என்றாள். முகம் முழுசாகக் கலையும்வரை கண்ணெடுக்காமல் பார்த்தாள்.

"நிறுத்து. இத அச்சடிச்சு ஒன் சித்தப்பாகிட்ட குடு. இதுக்கு மாலை போடச் சொல்லு."